223 ரூபாய் பொட்டாஷ் மூட்டையை 1,500 ஆக்கியது யார்?





யூரியா கிடைக்கலன்னா நாம சாலை மறியல் செஞ்சிருக்கோம். கரண்டு வரலன்னா மின்வாரிய ஆபீசை முற்றுகை போட்டிருக்கோம். கரும்பு பாக்கிக்காக ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கோம். ஆனால் பொட்டாஷுக்காக இந்த வல்லம் ஒன்றியத்தில் இதுவரைக்கும் ஒரு கோஷம்கூட போட்டதில்லை. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தத் தப்பில் முதல் பங்கு எனக்குத்தான். அதை ஒத்துக்கொண்டுதான் இந்தத் துண்டறிக்கையை எழுதுகிறேன்.

ஏன் கோஷம் போடலை? யூரியா போடாவிட்டால் பத்து நாளில் பயிர் வெளுத்துப்போய் நம்ம கண்ணுக்குத் தெரியும். பொட்டாஷ் போடாவிட்டால் உடனே தெரியாது. அறுப்பு அன்றைக்குத்தான் தெரியும். களத்தில் தூற்றும்போது பதர் பறக்கும். மல்லாட்டையை உடைத்தால் பொக்கு. அப்பவும் நாம என்ன சொல்கிறோம்? "இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு", "விதை சரியில்லை" என்கிறோம். மண்ணில் சாம்பல் சத்து தீர்ந்துபோச்சு என்று சொல்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

கடையில் எனக்கு நடந்தது

என் கதையையே சொல்கிறேன். எனக்கு இரண்டு ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு. தொடர்ந்து இரண்டு பட்டம் மல்லாட்டைக்குப் பொட்டாஷ் போடலை. விலையைக் கேட்டதும் கை பின்னால போயிடுச்சு. "டிஏபி போட்டாச்சு, ஜிப்சம் போட்டாச்சு, போதும்"னு இருந்துட்டேன். செடி நல்லா பச்சையாத்தான் இருந்தது. பிடுங்கிப் பார்த்தால் காய் இருக்கு, பருப்பு இல்லை. கமிட்டிக்குக் கொண்டுபோன மூட்டையில் எடை நிற்கலை.

அடுத்த பட்டத்துக்குக் கடனை வாங்கியாவது போடுவோம் என்று உரக்கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. ஒரு கடையோட பிரச்சினை இல்லை இது. கடைக்காரர் சொன்னார்: "பொட்டாஷ் இருக்கு. கூடவே இந்த பாட்டில் மருந்தும் ஒரு கிலோ குருணையும் எடுத்துக்கணும். எங்களுக்கும் அப்படித்தான் தள்ளிவிடறாங்க." என் நிலத்துக்குத் தேவையில்லாத பாட்டிலுக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் பொட்டாஷ் மூட்டையைத் தூக்கிவந்தேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற செயலாளர் அங்கே வாயை மூடிக்கொண்டு வந்தான். விதைப்பு நாள் தப்பிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மல்லாட்டை கேட்பது என்ன?

சாம்பல் சத்து என்றால் என்ன? நம்ம பாட்டிமார் அடுப்புச் சாம்பலை எருக்குழியிலும் பூசணிக் கொடிக்கும் கொட்டினார்களே, அதில் இருந்த சத்துதான். வெள்ளைக்காரனும் முன்பு சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பானையில் காய்ச்சித்தான் இதை எடுத்தான். பானை, சாம்பல் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்துதான் அவன் பாஷையில் பொட்டாஷ் ஆனது.

இந்தச் சத்து செடிக்குள் என்ன செய்கிறது? இலையில் உண்டான மாவுச்சத்தைக் காய்க்கும் கதிருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க இது வேணும். இலையின் கண் திறந்து மூடுவதை நடத்துவதும் இதுதான். அதனால்தான் வறட்சியில் பயிர் தாக்குப்பிடிக்கிறது. தண்டுக்கு உரம் கொடுக்கும், நோயைத் தாங்கவைக்கும். யூரியாவை மட்டும் அள்ளிக் கொட்டிய நெல் தளதளன்னு வளர்ந்து காத்துக்குச் சாயும், புகையான் விழும். அடி இலையின் ஓரம் மஞ்சளாகி, பிறகு நெருப்பில் வாட்டினதுபோல் காய்ந்தால், அது சாம்பல் சத்துக் குறை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையைப் பாருங்கள். மானாவாரி மல்லாட்டைக்கு எக்டேருக்குத் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 10 கிலோ, சாம்பல் சத்து 45 கிலோ. இறவைக்கு 25, 50, 75. இரண்டிலும் எது அதிகம்? சாம்பல் சத்துதான்! இறவை மல்லாட்டைக்கு ஏக்கர் கணக்கில் போட்டால் சரியாக ஒரு மூட்டை பொட்டாஷ் வருகிறது. மானாவாரிக்கு அரை மூட்டைக்குக் கொஞ்சம் கூட.

பக்கத்திலே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிஎம்வி என்று பெயர் வைத்த மல்லாட்டை ரகமெல்லாம் அங்கே பிறந்ததுதான். ரகம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வயிறு காய்ந்தால் காய்க்குமா?

நம்ம செம்மண், மணல் கலந்த மண். சாம்பல் சத்தைப் பிடித்துவைக்கிற களி இதில் கம்மி. மழை பெய்தால் கீழே இறங்கிப் போய்விடும். செஞ்சி மலைப் பாறையிலும் இந்தச் சத்து இருக்கத்தான் செய்கிறது, கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமாக. ஆனால் அது கல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கரைந்து நம்ம வேருக்கு வர நாலு தலைமுறை போதாது. ஆக, மூட்டையில்தான் வாங்கியாகணும்.

இந்தியாவுக்கே பொட்டாஷ் மூட்டை கப்பலில்தான் வருகிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் இப்படி. யூரியாவையாவது இங்கே பெரும்பகுதி தயாரிக்கிறோம். பொட்டாஷுக்கு நம்ம நாட்டில் இன்றுவரை ஒரு சுரங்கம்கூட ஓடவில்லை. அதனால் விலை முழுக்க இரண்டு பேர் கையில்: ஒன்று வெளிநாட்டுக் கம்பெனி, இன்னொன்று டெல்லி.

2010 ஏப்ரல் 1: கதவைத் திறந்துவிட்ட நாள்

2010 மார்ச் 31 வரைக்கும் பொட்டாஷ் விலையை மத்திய அரசு நிர்ணயித்தது. டன் 4,455 ரூபாய். 50 கிலோ மூட்டை சுமார் 223 ரூபாய். அன்றைக்கு யூரியா டன் 4,830, மூட்டை 241 ரூபாய் 50 காசு. அதாவது யூரியாவைவிடப் பொட்டாஷ் மலிவு! இளைஞர்கள் நம்பமாட்டார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் "ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம்" என்ற திட்டம் வந்தது. பெயர் நல்லாத்தான் இருக்கு. உள்ளே என்ன? கிலோ சத்துக்கு இவ்வளவு என்று மானியத்தை மட்டும் அரசு அறிவிக்கும். மூட்டை விலையைக் கம்பெனி வைத்துக்கொள்ளலாம். யூரியாவை மட்டும் இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. யூரியா விலை அரசு கையிலேயே இருந்தது. மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் சந்தையில் இறக்கிவிட்டார்கள்.

2012-ல் பொட்டாஷ் மூட்டை 800-ஐத் தாண்டியது. 2022-ல் 1,700. இன்றைக்கு 1,500-க்குக் குறைந்து கிடைக்காது. யூரியா? 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு.

நெல்லில் கணக்குப் போடுங்கள். 2009-10-ல் நெல் ஆதார விலை, ஊக்கத்தொகை 50 ரூபாய் சேர்த்து, குவிண்டால் 1,000. ஒரு குவிண்டால் நெல்லைப் போட்டால் நாலு மூட்டை பொட்டாஷ் வாங்கி, கையில் நூறு ரூபாயும் மிஞ்சும். 2025-26-ல் மத்திய அரசின் ஆதார விலை 2,369. இன்றைக்கு அதே குவிண்டால் நெல்லுக்கு ஒண்ணரை மூட்டை பொட்டாஷ். நெல் விலை இரண்டரை மடங்குகூட ஏறலை. பொட்டாஷ் ஏறக்குறைய ஏழு மடங்கு. இதுக்குப் பேர் விவசாயி நலனா?

"விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை" என்கிறவர்களுக்கு

கூட்டம் போட்டால் மேடையில் சொல்வார்கள்: "விவசாயிகள் யூரியாவை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். சமச்சீர் உரம் இடவேண்டும். அறியாமை." நாமும் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறோம். இனிமேல் தலையைத் தொங்கப்போட வேண்டாம். அரசாங்கத்தின் கணக்கையே எடுத்து வையுங்கள்.

தழை, மணி, சாம்பல் மூன்றும் பொதுவாக 4:2:1 என்ற அளவில் இருக்கணும் என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. நாடு முழுக்க நடந்தது இது:

1991-92-ல் 5.9 : 2.4 : 1.
1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 1992-93-ல் 9.5 : 3.2 : 1.
பிறகு சலுகை கொடுத்து விலையைப் பிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. 2009-10-ல் 4.3 : 2 : 1. கிட்டத்தட்ட அவர்கள் கேட்ட அளவே!
2010-ல் மறுபடியும் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2012-13-ல் 8.2 : 3.2 : 1.
2022-23-ல் 11.8 : 4.6 : 1.

இதில் அறியாமை எங்கே இருக்கிறது? விலை கட்டுப்படியானபோது இதே விவசாயி, இதே படிப்பு, இதே அறிவோடு சரியான அளவில் போட்டான். விலையை ஏற்றினதும் கைவிட்டான். 1992-ல் ஒரு தடவை, 2010-ல் ஒரு தடவை, இரண்டு தடவையும் அதே பாடம். 2009-10-ல் நாடு முழுக்க 46 லட்சம் டன் பொட்டாஷ் நேரடியாக நிலத்துக்குப் போனது. 2012-13-ல் அது 22 லட்சம் டன். 2023-24-ல் 16 லட்சம் டன் சொச்சம். விழிப்புணர்வு குறைந்ததால் 30 லட்சம் டன் குறைந்ததா? விலை ஏறினதால் குறைந்ததா?

சமச்சீர் உரம் போடு என்று வாயால் சொல்லிவிட்டு, அந்தச் சீரைக் கெடுக்கிற விலையைக் கையால் வைக்கிறார்கள். காலை ஒடித்துவிட்டு ஓடச் சொல்கிற கதை.

கட்சிச் சண்டைக்காக இதை எழுதவில்லை. 1992-லும் 2010-லும் டெல்லியில் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. 2023-ல் மானியத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது பாரதிய ஜனதா தலைமையிலான ஆட்சி. கொடி மாறியது, கொள்கை மாறலை.

உலக விலை இறங்கினால் லாபம் யாருக்கு?

"என்னங்க பண்றது, உலக மார்க்கெட்" என்பார்கள். சரி, உலக மார்க்கெட்டையே பார்ப்போம்.

உலகப் பொட்டாஷ் விற்பனையில் பெரும்பகுதி பல வருஷம் இரண்டு விற்பனைக் கூட்டுகளின் கையில் இருந்தது. கனடாக் கம்பெனிகளுக்கு ஒன்று, ரஷ்யா-பெலாரஸ் கம்பெனிகளுக்கு ஒன்று. 2008-ல் இந்தியாவுக்கான ஒப்பந்த விலை டன் 625 டாலர் வரை போனது. 2013 ஜூலையில் ரஷ்யக் கம்பெனி கூட்டிலிருந்து விலகியதும் உலக விலை சரிந்தது. ஆத்திரத்தில் பெலாரஸ் அரசு அந்த ரஷ்யக் கம்பெனியின் தலைமை அதிகாரியை மின்ஸ்க் நகரத்தில் கைதே செய்தது. கூட்டு உடைந்தால் விலை விழுகிறது என்றால், அதுவரை விலையைத் தூக்கிப் பிடித்தது எது என்று நமக்குப் புரிய வேண்டாமா?

பிறகு பெலாரஸ் மேல் அமெரிக்கா, ஐரோப்பா தடை. 2022 பிப்ரவரியில் லிதுவேனியா துறைமுகம் வழியாகச் சரக்கு போவது நின்றது. அதே மாதம் உக்ரைன் போர். 2022-ல் இந்திய ஒப்பந்தம் 590 டாலர். 2023-ல் 422. 2025-ல் 349.

இங்கேதான் கணக்கை உற்றுப் பார்க்கணும். மூட்டையில் இருப்பது 60 சதவீதம் சத்து, அதாவது 30 கிலோ. மத்திய அரசு கிலோ சத்துக்குக் கொடுத்த மானியத்தை மூட்டைக் கணக்கில் மாற்றினால்:

2010-11-ல் மூட்டைக்கு 735 ரூபாய்.
2013-14-ல் 565 ரூபாய்.
2017-18-ல் 372 ரூபாய்.
2020-21-ல் 303 ரூபாய்.
2022 காரீப்பில் கிலோவுக்கு 25.31 என்று ஏற்றினார்கள், மூட்டைக்கு 759 ரூபாய்.
2023 அக்டோபரில் கிலோவுக்கு 2.38 என்று இறக்கினார்கள். மூட்டைக்கு 71 ரூபாய்! 2025-26 ராபி வரைக்கும் அதே 71 ரூபாய்தான்.

2022-ல் 590 டாலருக்கு, டாலர் 76 ரூபாய் என்று போட்டால், துறைமுகத்தில் மூட்டை 2,240 ரூபாய். 2025-ல் 349 டாலருக்கு, டாலர் 86 ரூபாய் என்று போட்டால், மூட்டை 1,500 ரூபாய். உலக விலை மூட்டைக்கு 740 ரூபாய் இறங்கியது. அதே சமயம் டெல்லி மானியத்தில் 688 ரூபாயை வெட்டியது. இறங்கின 740-ல் நம்ம கைக்கு எவ்வளவு வந்திருக்கும்? நீங்களே கழித்துப் பாருங்கள்.

உலக விலை ஏறினால் சுமை நம்ம தலையில். இறங்கினால் லாபம் கஜானாவுக்கு. இதுதான் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத்தின் ரகசியம். 2022-ல் கொடுத்த அதே 759 ரூபாயை இன்றைக்கும் கொடுத்தால், 1,500 ரூபாய் மூட்டை 800 சொச்சத்துக்குக் கிடைக்கும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். 2023-24-ல் நேரடியாக விற்ற 16 லட்சம் டன் சொச்சத்துக்கும் கிலோ 25.31 கொடுத்தால் கூடுதல் செலவு சுமார் 2,260 கோடி ரூபாய். அந்த வருஷம் மொத்த உர மானியம் 1 லட்சத்து 88 ஆயிரம் கோடி. நூற்றுக்கு ஒண்ணேகால் ரூபாய்கூட இல்லை! விற்பனை இரண்டு மடங்கு ஆனாலும் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான். டிஏபி மூட்டையை 1,350-லேயே நிறுத்திவைக்கத் தனிப்பணம் ஒதுக்கினார்களே, அதை நாம வரவேற்கிறோம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? டிஏபியில் சாம்பல் சத்து ஒரு துளிகூட இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

சில பொருளாதார நிபுணர்கள் இன்னொரு வழி சொல்கிறார்கள்: யூரியா விலையை ஏற்றிச் சமன் செய்யலாமாம்! பசித்தவன் இலையில் சோறு போடச் சொன்னால், பக்கத்து இலைச் சோற்றையும் எடுத்துவிட்டு இரண்டும் சமம் என்கிற நியாயம் இது. பொட்டாஷை இறக்கிச் சமன் செய். யூரியாவை ஏற்றிச் சமன் செய்யாதே. இதில் நமக்கு இரண்டு பேச்சு கிடையாது.

ராஜஸ்தான் மண்ணுக்கு அடியில்

நம்ம நாட்டில் பொட்டாஷே இல்லையா? இருக்கிறது. ராஜஸ்தானில் நாகௌர்-கங்காநகர் படுகையில் பொட்டாஷ் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1974-லேயே கண்டுபிடித்தது. பழைய காலத்துக் கடல் வற்றிப் படிந்த உப்புப் படுகை. பூமிக்கு அடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மதிப்பீடு 240 கோடி டன்னுக்கு மேல். அந்த மண்ணில் சத்து கம்மி, எடுப்பது கஷ்டம், பெரும்பகுதி பாலிஹேலைட் என்ற வகை. இதெல்லாம் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கனடாக்காரன் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் சுரங்கம் போட்டு எடுக்கிறான். கீழே வெந்நீரை விட்டுக் கரைத்து உப்புக் கரைசலாக மேலே இழுக்கிற முறையும் அங்கே ஓடுகிறது.

அதே முறை ராஜஸ்தானில் சரிப்படுமா என்று பார்க்க ஒப்பந்தம் போட்டது 2021 ஜனவரியில். கண்டுபிடித்து 47 வருஷம் கழித்து! 2023-ல்தான் பொட்டாஷை முக்கியக் கனிமங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஏலம் விட ஆரம்பித்தது அதற்கும் பிறகு. 1974-ல் பிறந்த பிள்ளைக்கு இன்றைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரு மூட்டை வெளியே வரலை.

இதைவிட ஒரு வேடிக்கை. மண்வள அட்டைத் திட்டத்தை 2015 பிப்ரவரி 19-ல் எந்த ஊரில் தொடங்கினார்கள் தெரியுமா? ராஜஸ்தானில் கங்காநகர் மாவட்டத்துச் சூரத்கரில். பொட்டாஷ் படுகை எந்த மாவட்டத்தின் பெயரைச் சுமக்கிறதோ அதே மாவட்டம். "உன் மண்ணில் என்ன குறை" என்று எழுதுகிற அட்டையை அங்கே நின்று கொடுத்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்கிற உப்பு அந்தப் படுகையில்தான் தூங்குகிறது.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்கிறோம். அதே வாயால் நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

நெல் எடுக்கிற சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்மணியில் போவதில்லை, வைக்கோலில் போகிறது. ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ சத்து. அரை மூட்டைக்கு மேல் பொட்டாஷ்! அறுவடை மிஷின் போனதும் கட்டுக் கட்டும் மிஷின் வருகிறது, லாரி வருகிறது, வைக்கோல் ஏறிப் போகிறது. கட்டுக்கு நாலு காசு வருவதால் நாமும் அனுப்பிவிடுகிறோம். கரும்புத் தோகையைக் கொளுத்துகிறோம், கொளுத்தின சாம்பல் காத்திலும் மழையிலும் போகிறது. மல்லாட்டைக் கொடியையும் கொல்லைக்குத் திருப்பித் தருவதில்லை. மாடு தின்றால் சாணமாகவாவது நிலத்துக்கு வரணும். விற்றே ஆகணும் என்கிற நெருக்கடி எனக்கும் தெரியும். முடிந்தவர்கள் பாதியையாவது கழனியில் மடக்கி உழுங்கள்.

மூட்டையில் மூன்று எண் போட்டிருக்கும். கடைசி எண்தான் சாம்பல் சத்து. 20:20:0 என்றால் சாம்பல் சத்து பூஜ்யம். 17:17:17-ல், 10:26:26-ல் உண்டு. இன்னொன்று: சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகுக் கழிவிலிருந்து எடுக்கிற பொட்டாஷும் இப்போது கடைக்கு வருகிறது. 2021 அக்டோபரில் இதையும் மானியத்தில் சேர்த்தார்கள். கெட்ட சரக்கு இல்லை, நம்ம கரும்பு தூக்கிப்போன சத்துதான். ஆனால் அதில் சத்து 14.5 சதவீதம். சாதாரணப் பொட்டாஷில் 60. நாலு மூட்டைக்கு மேல் போட்டால்தான் அந்த ஒரு மூட்டைக்குச் சமம். "இதுவும் பொட்டாஷ்தான்" என்று யாராவது அதே விலைக்குக் கொடுத்தால் ஏமாறாதீர்கள். எண்ணைப் பார்த்து வாங்குங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

மண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு உரம் போடுங்கள். பொட்டாஷையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டச் சொல்லவில்லை. தேவைக்கு மேல் போடுவதும் காசுக் கேடுதான்.

நமது கோரிக்கைகள்

மத்திய அரசே!
சாம்பல் சத்துக்கான மானியத்தைக் கிலோவுக்கு 2.38-லிருந்து 25.31-க்குக் குறையாமல் உயர்த்து!
யூரியாவுக்கு உள்ளதுபோல் பொட்டாஷுக்கும் அதிகபட்ச விற்பனை விலையை நீயே நிர்ணயம் செய்!
சமன் செய்கிறேன் என்ற பெயரில் யூரியா விலையில் கை வைக்காதே!
ராஜஸ்தான் பொட்டாஷை எடுக்கக் காலக்கெடு அறிவி! அங்கே எடுக்கும் பொட்டாஷ் கட்டுப்பாட்டு விலையில் முதலில் விவசாயிக்கே சேர வழி செய்!

மாநில அரசே!
ஆடிப்பட்டத்துக்கும் சம்பாவுக்கும் கார்த்திகைப் பட்டத்துக்கும் ஒரு மாதம் முன்பே கூட்டுறவு சொசைட்டிகளில் பொட்டாஷை இருப்பு வை!
உரத்தோடு வேண்டாத சரக்கைக் கட்டி விற்பதைத் தடுத்து நிறுத்து! கடைக்காரர் தலையில் தள்ளிவிடுகிற கம்பெனி மீதும் நடவடிக்கை எடு!
மண் பரிசோதனை முடிவை விதைப்புக்கு முன்பே கையில் கொடு!
கரும்புக் கழிவுப் பொட்டாஷை, கரும்பு கொடுத்த விவசாயிக்கு அடக்க விலையில் திருப்பிக் கொடுக்க ஆலைகளுக்கு உத்தரவிடு!

அன்பார்ந்த விவசாயிகளே!

பொக்கு மல்லாட்டைக்கும் பதர் நெல்லுக்கும் வானத்தைத் திட்டிக்கொண்டு இருந்தது போதும். ஒவ்வொரு அறுவடையிலும் மண்ணிலிருந்து சாம்பல் சத்தை எடுக்கிறோம், திருப்பி வைப்பதில்லை. பேங்கில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கணக்கில் பூஜ்யம் நிற்கும். நம்ம பிள்ளைகளுக்குப் பட்டாவை விட்டுவிட்டுப் போவோம். பட்டாவில் உள்ள மண்ணில் சத்து இருக்குமா?

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வரணும். வரும்போது மூன்று பொருள் எடுத்து வாருங்கள்: உங்கள் மண்வள அட்டை, உரம் வாங்கின பில், உங்கள் கொல்லையில் விளைந்த ஒரு கைப்பிடி பொக்கு மல்லாட்டை. மேஜைமேல் வைப்போம். கலெக்டர் ஐயாவே உடைத்துப் பார்க்கட்டும். பில் இல்லை என்றாலும், பாட்டிலைக் கட்டி விற்றார்கள் என்றாலும், எந்தத் தேதியில் என்ன கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். இந்த முறை நானும் என் பாட்டிலோடு வருகிறேன். கடையில் மூடின வாயை அங்கே திறக்கிறேன்.

புறப்படும் நேரத்தை ஊர்க்கிளைப் பலகையில் எழுதிப் போடுவோம். பெண்கள் அவசியம் வரணும். களை வெட்டுவதும் காய் ஆய்வதும் நீங்கள்தான். பொக்கு எவ்வளவு என்று உங்கள் கைக்குத்தான் முதலில் தெரியும்.

விலையைக் குறை! சத்தைக் கொடு!
மானியத்தை வெட்டாதே! மண்ணை மலடாக்காதே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
வல்லம் ஒன்றியம், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

(படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள்.)